ஓதற் பிரிவும் விடுதி வாழ்வும்

பள்ளி என்னுஞ் சொல் துயிலும் இடத்தையும் குறிக்கும். பயிலும் இடத்தையும் குறிக்கும். அரசர் துயிலும் அறை பள்ளியறை எனப்படும். இறைவனைத் துயிலுணர்த்தும் பாட்டுப் பள்ளியெழுச்சி எனப்படும். சமண பௌத்தத் துறவியர் உறைந்த இடங்களும் பள்ளி என்றே வழங்கின. அத்துறவியர் தம் உறையுளிற் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தமையாற் கல்விக்கூடத்துக்கும் அப்பெயர் ஆயிற்று என்பர் ஆராய்ச்சியாளர். அங்கே உறைந்தவர் ஆசிரியரே. மாணாக்கரும் உறைந்தனரோ என்பதைச் சொல்லொன்றையே சான்றாகக் கொண்டு துணிதல் ஆகாது. ஆயினும், துயிலுக்கும் கல்விக்கும் ஒரு பெயரே அமைந்தமை, பள்ளியிலேயே படுத்துறங்கிப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி எண்ணுவார்க்குப் பொருளற்ற ஒன்றாகத் தோன்றாது.

இக்கட்டுரை எழுதக் காரணமாயது ஒரு வினா. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் காலத்திலே, பூநகரியில் ஆசிரியத் தொழில் புரியும் என் போன்றாரிடம் பெற்றோர் சிலர் தவறாது வருவர். பிள்ளை நல்ல புள்ளி எடுத்திருக்கும். யாழ்ப்பாணத்துப் பெருங் கல்லூரி ஒன்றில் இடங் கிடைக்கும் போலிருக்கும். விடுதிச்சாலையிற் சேர்க்க வேண்டியிருக்கும். "சேர், பிள்ளையை அனுப்பட்டோ?" என்பர். பதினெட்டு ஆண்டுகளாக நான் ஒரே விடையையே கூறி வந்தேன். "அனுப்புங்கோ" என்பதே அவ்விடை. அண்மையில் ஒரு தாய் வந்து கேட்டபோது அவ்விடை எளிதில் வாயில் வரவில்லை. எனக்கே அது வியப்பாயிருந்தது. கற்றற்பொருட்டு வீட்டை நீங்கி வாழ்தலைப் பற்றி நம் நூல்கள் யாது கூறுகின்றன, யாது கூறாது விடுகின்றன என்று ஆராய அன்று தொட்டு முயன்றேன். அம்முயற்சியிற் கண்ட சிலவற்றை ஈண்டுத் தருகின்றேன்.

தொல்காப்பியர் இதனை அறிந்திருந்தார். அகத்திணையியலிலே தலைவன் தலைவியைப் பிரிதற்குரிய காரணங்களைத் தொகுப்புழி, ஓதலையே முதற்கண் வைத்தார். பகையும் தூதும் அதன் பின்னரே வருவன. ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கு உரியன என வரையறையுஞ் செய்தார். அவ்வுயர்ந்தோர் யாவர் என்பதில் உரையாசிரியர்கள் பலபடக் கூறுவர்; அதனுள் நாம் இப்போது புகவேண்டியதில்லை. நமக்கு வேண்டுவது கற்பியலில் அவர் கூறிய எல்லை. கல்வியின் பொருட்டுப் பிரியும் பிரிவு மூன்று ஆண்டைக் கடத்தல் ஆகாது என்பது அவர் வகுத்த விதி. இவ்விரு இடங்களையும் சேர்த்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். கல்வி நற்பொருளே ஆயினும், அதன் பொருட்டு நிகழும் நீக்கம் பிரிவே என்றும், பிரிவாதலின் அஃது இருபாலார்க்கும் துன்பந் தருவது என்றும், துன்பந் தருவதாதலின் அதற்கு ஓர் எல்லை வேண்டும் என்றும் அவ்வாசிரியர் கருதினார். போர்க்குச் செல்வானையும் நூலுக்குச் செல்வானையும் ஒரே வரிசையில் நிறுத்திய நுண்மை எண்ணுந்தொறும் வியக்கத்தக்கது.

இலக்கணம் இடங்கொடுத்த அளவுக்கு இலக்கியம் இடங்கொடுக்கவில்லை. பொருள்வயிற் பிரிந்தோரையும் வினைவயிற் பிரிந்தோரையும் பாடும் பாட்டுக்கள் தொகைநூல்களிற் பரந்து கிடக்கின்றன. ஓதற் பிரிவைத் தெளிவாகச் சுட்டும் பாட்டையோ தேடித்தான் காணவேண்டும். பிற்காலத்தெழுந்த கோவை நூல்கள் துறைதோறும் பாடவேண்டிய கட்டுப்பாடுடையன ஆதலின், அவை இதனை விட்டுவிட இயலவில்லை. மணிவாசகர் அருளிய திருக்கோவையாரிலே நானூறு பாட்டுள் ஓதற் பிரிவுக்கு அமைந்தன நான்கே. பொருள்வயிற் பிரிவுக்கு இருபது பாட்டு உண்டு. பொருள் தேடப் போனவனுக்காக ஏங்கிய அளவில் ஐந்திலொரு பங்கே, நூல் தேடப் போனவனுக்காக ஏங்க நம் புலவர்க்குத் தோன்றிற்று.

இங்ஙனம் பாடப்பட்ட அந்நான்கிலும் பிரிபவன் வளர்ந்த தலைமகன், வருந்துபவள் தலைமகள். பத்து வயதுப் பிள்ளை பிரிவதும் அவனைப் பெற்றவள் வருந்துவதும் எங்கும் இல்லை. தாயின் புலம்பலை நம் முன்னோர் பாடாதவர் அல்லர். மகள் தன் காதலனுடன் போய்விட்ட பின், அவள் விளையாடிய பந்தையும் பாவையையும் கண்டு நற்றாயும் செவிலியும் இரங்குவதைப் பாலைப் பாட்டுக்கள் உள்ளம் உருகுமாறு கூறும். ஒரே மகனையும் போருக்கு அனுப்பிய தாயை ஒக்கூர் மாசாத்தியார் புறத்திலே பாடினார். காதலுக்குப் போனவளுக்கும் போருக்குப் போனவனுக்கும் பாட்டு உண்டு. படிக்கப் போன பிள்ளைக்கு இல்லை. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் கல்வியைப் புகழ்ந்த புறப்பாட்டிலே தாய் ஒருத்தி வருகின்றாள். எனினும் அவள் வருவது, தன் மக்களுள்ளும் கற்றவனிடத்தே அவள் மனம் சாயும் என்று காட்டுதற்கே. கல்வியின் பெருமைக்கு அவள் சான்று. கல்வியால் அவள் இழப்பது யாதென அரசன் வினவவில்லை. பிள்ளைத்தமிழோவெனின் மூன்றாந் திங்களில் தொடங்கி இருபத்தோராந் திங்களில் முடிவது. அதன் பின்னர்ப் பிள்ளை நம் செய்யுளினின்று ஒருவாறு மறைந்துபோய், மீசை முளைத்த பின்னரே தலைவனாகத் திரும்பி வருகின்றான். இடைப்பட்ட ஆண்டுகளே பள்ளி ஆண்டுகள் என்பதை நினைவிற் கொள்க.

நன்னூற் பொதுப்பாயிரம் ஆசிரியன் இயல்பையும் மாணாக்கன் இயல்பையும், கற்பிக்கும் முறையையும் கேட்கும் முறையையும் விரித்துரைக்கும். மாணவன் ஆசிரியனைத் தீயைப் போல மிக அணுகாமலும் மிக நீங்காமலும் இருந்து வழிபடல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால் அம்மாணவன் எங்கே உண்டான், யார் சமைத்தார், எண்ணெய் தேய்த்து முழுக யார் காசு கொடுத்தார் என்னும் வினாக்களுக்கு விடை வேண்டுமாயின், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு மாணவர் தம் முதுமையில் எழுதிய நூலையே நாடவேண்டும். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1950இல் நூலாயிற்று. ஆசிரியரோடு உடனுறைந்து கற்றல் என்பது யாது என்று தமிழில் மெய்யாக எழுதிக் காட்டிய நூல் அதுவே என்பது என் துணிபு.

ஐயர் 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார். 1876இல் அவ்வாசிரியர் காலமாகும்வரை அவர் நிழலிலேயே வாழ்ந்தார். அந்நூலிலே தமிழ்ப் பாடத்தைப் பற்றிய செய்தி எவ்வளவு உண்டோ அவ்வளவு சோற்றைப் பற்றிய செய்தியும் உண்டு. ஆசிரியர் வேளாளர், மாணவர் அந்தணர், ஆதலின் ஆசிரியர் இல்லத்தில் உண்ணுதற்கில்லை. நாடோறும் வேறிடந் தேடி உண்டு மீளவேண்டும். பேரன்புடைய ஆசிரியருக்கும் பேரன்புடைய மாணவருக்கும் இடையே உணவு ஒரு வேலியாக நின்றது. இதனை ஐயர் மறைக்கவில்லை, குறைகூறவுமில்லை, உள்ளவாறு சொல்லிச் செல்கின்றார். அதே ஆசிரியரின் மாணவராய் இறுதிவரை உடனிருந்து தொண்டு செய்தவருள் சவேரிநாத பிள்ளை என்னுங் கிறித்தவரும் ஒருவர் என்பதையும் அந்நூலாலேயே அறிகின்றோம்.

பெயரைப் பற்றிய செய்தி இன்னும் நுட்பமானது. ஐயருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். ஆசிரியருக்கு அப்பெயர் உவப்பாயில்லை. வேறு பெயர் உண்டோ என வினவினார். வீட்டிற் 'சாமா' என்று அழைப்பர், அது சாமிநாதன் என்பதன் குறுக்கம் என்று மாணவர் கூறவே, அன்று தொட்டு அவர் சாமிநாதன் ஆயினர். உலகு அறிந்த பெயர் அதுவே. உடனுறைந்து கற்பவன் தன் பெயரையும் ஓரளவு ஆசிரியர் கையிற் கொடுக்கின்றான் என்பது இதனாற் பெறப்படும். எனினும் அந்தப் பெரியார் புதுப்பெயர் ஒன்றைப் படைத்துச் சூட்டவில்லை. தாய் அடுக்களையிலிருந்து கூப்பிட்ட பெயரையே நிமிர்த்தி வழங்கினார். இச்சிறு வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்துமாறு வேண்டுகின்றேன். ஏனெனில், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னரே, கடலுக்கு இப்பால் யாழ்ப்பாணத்திலே விடுதியிற் சேர்ந்த பிள்ளைகளுக்கும் புதுப் பெயர்கள் சூட்டப்பட்டன.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் கிராமந்தோறும் பகற் பள்ளிகளை நிறுவினர். பகலிற் கற்பித்ததை மாலையில் வீடு கலைத்துவிடுகின்றது என்று அவர்கள் கண்டனர். கோயில் மணியும் பாட்டி கதையும் அவர்களுக்குப் போட்டியாயின. ஆதலின் பிள்ளையை வீட்டினின்று பிரித்துத் தம் வளவிலேயே வளர்த்தல் வேண்டும் என்று துணிந்தனர். 1823இல் டானியல் பூரைத் தலைவராகக் கொண்டு வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. அடுத்த ஆண்டில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலிற் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். ஆசியாவிற் பெண்களுக்கென எழுந்த விடுதிப் பள்ளிகளுள் அது மிகப் பழையவற்றில் ஒன்று. உணவும் உடையும் இலவசம். அமெரிக்காவிலுள்ள தருமவான்கள் பிள்ளைக்கு இத்துணை என்று பணம் அனுப்பினர். தாம் விரும்பிய பெயரையும் அனுப்பினர். நம் இலக்கிய வரலாற்றிலே சிதம்பரப்பிள்ளைக்கு முன் நெவின்ஸ் என்றும், விசுவநாதபிள்ளைக்கு முன் கறல் என்றும், சதாசிவம்பிள்ளைக்கு முன் ஆர்னோல்ட் என்றும் நிற்கும் பெயர்கள் இவ்வாறு வந்தவையே. தன்னைக் கண்ணாற் காணாத ஒருவரின் பெயரைச் சுமந்துகொண்டு பத்து வயதுப் பிள்ளை உறங்கப் போயிற்று.

இதனாற் செமினரியை இகழ்வதற்கு முற்படுவோர் அதன் விளைவையும் நேர்மையோடு நோக்கல் வேண்டும். 1855இல் அது மூடப்பட்டது. ஆங்கிலங் கற்றவர் ஊழியத்துக்கு வாராது அரசாங்க உத்தியோகத்துக்குச் செல்கின்றனர் என்பது மூடியோர் சொன்ன காரணங்களுள் ஒன்று. இரண்டாண்டு கழித்து, 1857இற் சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதல் நடத்திய பி. ஏ. தேர்வில் தேறியவர்கள் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டையில் உறைந்து கற்றவர்கள். அத்தாமோதரம்பிள்ளையே 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றினார். ஓதற் பிரிவு கூறும் நூலை ஓதற் பிரிவிற் கிடந்து வளர்ந்த ஒருவரே ஏட்டினின்று மீட்டுத் தந்தார் எனின், அதற்கு மேல் நான் கூற வேண்டுவது என்ன? நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையோ, 1880களிற் சைவப் பிள்ளைகளுக்கென ஓர் ஆங்கிலப் பள்ளி நடத்தினார். அதுவே பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. பெயர் மாற்றிய விடுதி மனத்தையும் மாற்றிவிடும் என்று எண்ணியோர் எண்ணம் பாதியே நிறைவேறிற்று.

ஆறுமுக நாவலரின் மறுமொழியை இவ்விடத்து நோக்குதல் தகும். பிள்ளையை வீட்டினின்று பிரிக்கும் பள்ளிக்கு எதிராக, வீட்டினின்று பிரிக்கும் வேறொரு பள்ளியை அவர் முதலில் நிறுவவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, பிள்ளை காலையில் வந்து மாலையில் தாயிடம் மீளும் வழியையே காட்டினார். வீடு கலைக்கின்றது என மிசனரிமார் கண்ட இடத்தில், வீடு தாங்குகின்றது என அவர் கண்டார். சைவ விடுதிகள் பின்னரே எழுந்தன. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் நிறுவிய பெண்கள் கல்லூரியும், 1929இற் சுவாமி விபுலானந்தர் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் தொடங்கிய சிவானந்த வித்தியாலயமும், நம்மவரும் விடுதி நடத்த வல்லவர் என்று காட்டின. திருநீறும் தேவாரமும் காலை மணியோடு சேர்ந்தன. மணி மட்டும் மாறவில்லை.

விடுதியின் உயிர்நிலை படிப்பறையன்று, உண்ணும் பந்தியே. ஐயரையும் அவர் ஆசிரியரையும் பிரித்த வேலி யாழ்ப்பாணத்துப் பந்திகளிலும் நெடுங்காலம் நின்றது. இன்னாரோடு இன்னார் உண்ணலாகாது, இன்னார் தரையில் அமர்க என்ற வழக்கம் பள்ளிகளில் இருந்தது. அதற்கெதிராக யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் முதலியோர் வாதாடினர். 1929இல் உதவிபெறும் பள்ளிகளிற் சமவாசனம் நடைமுறையாக வேண்டும் என்று விதிக்கப்பட்டபோது, அதனைப் பொறாதார் பள்ளிகள் சிலவற்றுக்குத் தீயும் வைத்தனர். இவ்வரலாற்றை நம் கல்லூரி மலர்கள் நினைவுகூர்வது குறைவு. விடுதியின் நற்பயன் ஒன்றை என்னிடம் கேட்பின் இதனையே முதலிற் கூறுவேன். வீடு எந்நாளும் ஒருங்கிருத்தாத பிள்ளைகளை ஒரு பந்தியில் இருத்த வல்லது அது. இருத்த மனமுள்ளவர் நடத்தினால் மட்டுமே என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும்.

வீட்டினின்று பிரித்தலே கல்வி என்ற கொள்கை அதிகாரத்தோடு சேர்ந்தால் என்னாகும் என்பதற்குக் கனடா நாட்டின் பழங்குடிப் பிள்ளைகளின் வரலாறு சான்று. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் நூறாண்டுக்கு மேலாக விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். பலர் வலிந்து கொண்டுசெல்லப்பட்டனர். தாய்மொழி பேசியமைக்காகத் தண்டிக்கப்பட்டனர். 2008இல் அந்நாட்டு அரசு மன்னிப்புக் கேட்டது. 2015இல் உண்மை கண்டறியும் ஆணைக்குழு தன் முடிபை வெளியிட்டது. நம் நாட்டில் அவ்வளவு நிகழவில்லை. வட்டுக்கோட்டைக்குப் பிள்ளைகளைப் பெற்றோரே கொண்டுபோய் விட்டனர். ஆயினும் வேர் ஒன்றே.

இனி நம் காலத்து எழுத்தைப் பார்ப்போம். நூற்றாண்டு மலர், பவளவிழா மலர் எதனைப் புரட்டினும் 'விடுதி நினைவுகள்' என்றொரு கட்டுரை இருக்கும். எழுதியவர் வைத்தியராகவோ பொறியியலாளராகவோ இருப்பார். அக்கட்டுரைகளை நான் விரும்பித் தேடிப் படிப்பவன். ஐம்பதுக்குக் குறையாமற் படித்திருப்பேன். எல்லாவற்றிலும் ஒரே மாமரம். அதில் இரவிற் களவாடிய மாங்காய். ஒரே பிரம்பு, அப்பிரம்பின் பின்னே ஒளிந்திருந்த ஒரே பொன்மனம். தண்ணீர்ச் சாம்பாரைப் பற்றி ஒரு நகை. இறுதியில், இன்றைய நிலைக்கு அவ்விடுதியே காரணம் என நன்றி. இவை பொய் என்று நான் கூற வரவில்லை. மாங்காய் களவாடியதும் மெய், பிரம்படியும் மெய். ஆனால் முதலிரவைப் பற்றி எவரும் எழுதவில்லை. அதுவே என் குற்றச்சாட்டு. அக்கட்டுரைகளில் தாய் வரும் இடம் ஒன்றே; பெட்டியிற் பலகாரம் அடுக்கும் இடம். அவ்வளவில் அவள் வேலை முடிந்துவிடுகின்றது. நெடுஞ்செழியன் பாட்டிலே சான்று கூறி மறைந்த தாய் இவளே.

இவ்வாறு எழுதுவதற்குக் காரணம் என்ன? என் சொந்த அனுபவத்தைக் கொண்டு ஒரு விளக்கந் தருகின்றேன், கற்றோர் பொறுத்தருள்க.

1991 தை மாதத்தில் தந்தையார் என்னைச் சங்குப்பிட்டித் துறையிற் கடத்திக் கேரதீவு வழியாகக் குடாநாட்டுக்கு அழைத்துச் சென்று, ஒரு கல்லூரி விடுதியில் ஆறாம் வகுப்பிற் சேர்த்தார். றங்குப் பெட்டிக்குள் மொட்டைக்கறுப்பன் அரிசிமாவும் பனாட்டும் இருந்தன. அவ்விடுதியில் ஒரு விதி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும். எழுதிய கடிதத்தை ஒட்டாமல் மேற்பார்வையாளரிடங் கொடுக்க வேண்டும். அவர் வாசித்த பின்னரே ஒட்டப்படும். கெட்ட மனிதர் அல்லர்; எழுத்துப்பிழையையும் திருத்தித் தருவார். நான் எழுதியதோ ஒரே கடிதம். நான் சுகம், நீங்கள் சுகமாயிருக்க இறைவனை வேண்டுகின்றேன், படிப்பு நன்றாக நடக்கின்றது. பின்னர் அத்துறையும் மூடப்பட்டது. கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகிற் கடந்தே மக்கள் போக்குவரவு செய்தனர். பெற்றோர் பூநகரியை விட்டு அக்கராயன் பக்கம் இடம்பெயர்ந்திருந்தனர். 1993 நவம்பரிற் பூநகரி இராணுவ முகாம் தாக்கப்பட்ட நாள்களில், கடனீரேரிக்கு அப்பாலிருந்து எழுந்த ஓசை எங்கள் படுக்கைக்குக் கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் சுகம் என்றே எழுதினேன். திருத்துவதற்கு அதில் எழுத்துப்பிழை ஒன்றும் இருக்கவில்லை.

நூற்றாண்டு மலர்களில் வரும் விடுதி நினைவுகள் யாவும் மேற்பார்வையாளர் வாசிக்கும் கடிதங்களே என்பது என் முடிபு. எழுதுவோர் அறுபது வயதைக் கடந்திருப்பர்; மேற்பார்வையாளர் இறந்து நெடுங்காலமாயிருக்கும்; ஆயினும் கடிதம் இன்னும் ஒட்டாமலே கொடுக்கப்படுகின்றது. ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் தாம் எட்டு வயதிற் சேர்ந்த விடுதிப் பள்ளியில் அச்சத்தாற் படுக்கையை நனைத்ததையும், அதற்காக அடிபட்டதையும் ஒரு நெடுங்கட்டுரையாக எழுதினார். அது வெளிவந்தது அவர் இறந்த பின், 1952இல். அதுவும் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில். தம் நாட்டிலே அது அச்சேற 1968 ஆயிற்று. உண்மைக் கடிதம் வீடு போய்ச் சேர எல்லா நாட்டிலுமே தாமதமாகின்றது போலும். ஐயரின் நூலை நான் மேலே உயர்த்திக் கூறியதற்குக் காரணமும் இதுவே. ஆசிரியரைத் தெய்வமாகப் போற்றியவர் அவர். போற்றிய கையாலேயே, உணவின்றி அலைந்ததையும், தந்தையார் பட்ட பாட்டையும், வறுமையில் ஆசிரியரே எண்ணெய்க்கு வழியின்றி நின்றதையும் எழுதினார். நன்றியும் உண்மையும் ஒரே பந்தியில் அமர முடியும் என்று காட்டியவர் அவர்.

அவ்விடுதி எனக்குத் தந்ததை நான் மறைத்தால் அதுவும் ஒட்டாத கடிதமே ஆகும். தீவுப்பகுதியிலிருந்து வந்த ஓர் அண்ணன், மின்சாரம் இல்லாத அக்காலத்திலே, போத்தல் விளக்கொன்றைப் பகிர்ந்து எனக்கு ஆங்கில வாசகம் சொல்லித் தந்தார். பசித்த ஒருவன் பக்கத்திலிருக்கத் தனியே உண்ணலாகாது என்பதை நான் கற்றது அங்கேயே. நூலகத்தில் ஐயரின் நூலை முதன்முதற் கண்டதும் அங்கேயே. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு அவ்வாழ்வு முடிந்தது. கிளாலி கடந்து வன்னிக்கு மீண்டேன். பின்னர்ப் படித்ததெல்லாம் மரநிழலிலும் கொட்டிலிலுமே. பட்டமும் வெளிவாரியாகப் பெற்றது. பல்கலைக்கழக விடுதியில் ஓரிரவேனும் படுத்தறியேன். ஆதலின் நான்காண்டுக்கும் மேற்பட்ட ஓதற் பிரிவு எனக்கு உண்டு. தொல்காப்பியர் விதித்த எல்லையைக் கடந்தவன் நான்.

பிள்ளையும் தாயும் படும் துயரோடு இது முடிந்துவிடின், காலம் ஆற்றும் என்று விடலாம். ஊர் இழப்பது ஒன்று உண்டு. 1945இல் இலவசக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்த கன்னங்கரா, நகரத்துப் பெருங் கல்லூரிகளுக்கு நிகராக நாட்டுப்புறங்களில் மத்திய கல்லூரிகளை நிறுவி, அவற்றோடு விடுதிகளையும் அமைப்பித்தார். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் அத்திட்டத்தின் வழி வந்தது. ஏழைப் பிள்ளை தன் பகுதிக்கு அண்மையிலேயே உறைந்து உயர்கல்வி பெறவேண்டும் என்பதே முதற் கருத்து. இன்று அப்பரீட்சை எங்கள் பகுதியில் வேறொரு தொழிலைச் செய்கின்றது. ஒவ்வோராண்டும் வகுப்பின் முதன்மைப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்துக் கடனீரேரிக்கு அப்பால் அனுப்பும் சல்லடையாக அது ஆகிவிட்டது. எஞ்சிய வகுப்புக்கு நான் பாடம் நடத்துகின்றேன். முந்திய ஆண்டு கேள்வி கேட்டு வகுப்பை எழுப்பிய பிள்ளை இல்லாத வெற்றிடத்தை ஆசிரியன் மட்டுமல்லன், மற்றப் பிள்ளைகளும் அறிவர். நல்ல பிள்ளைகள் போய்விட்டனர் என்பதாற் பெற்றோர் ஊர்ப் பள்ளியை நம்பார். நம்பாமையால் இன்னுஞ் சிலர் போவர். மாணவர் தொகை குறைந்தமையால் உயர்தர வகுப்புக்கு ஆசிரியர் கிடையார். போனவர் படித்து உத்தியோகம் பெற்றபின் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ கடல் கடந்தோ அமைவர். பூநகரி மொட்டைக்கறுப்பனை மட்டும் ஏற்றுமதி செய்யவில்லை.

அவர்களை நான் குறைகூறேன். 2008இலும் 2009இலும் எங்கள் மக்கள் பட்டதை அறிந்தோர், தன் பிள்ளை எங்கேனும் நன்றாக வாழட்டும் என்று எண்ணும் தாயைக் குறைகூற மாட்டார். போருக்குப் பின்னர் இப்பகுதிப் பிள்ளைகள் பலர் விடுதியிலன்றிச் சிறுவர் இல்லங்களில் உறைந்து கற்றனர் என்பதையும் மறத்தலாகாது. விடுதிப் பிள்ளைக்கு விடுமுறை உண்டு. அவர்களுட் பலருக்கு விடுமுறையிற் போக வீடு இல்லை. அவர்க்கு அது பிரிவன்று, அதுவே வீடு. விடுதியைப் பற்றிக் கூறும் நூற்றாண்டு மலர் எதுவும் அவர்களை எழுத்தாளராக அழைக்கவில்லை.

2011 தையிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. பாதைக்குக் காத்து நின்ற துறையைப் பேருந்து இன்று சில நிமிடத்திற் கடந்துவிடும். யாழ்ப்பாணத்துக்கும் எமக்கும் இடையிலான தூரம் குறைந்தது. குறைந்த தூரம் எந்தத் திசைக்குப் பயன்படுகின்றது என்பதே வினா. பாலம் போவதற்கே என்று கருதினோமாயின், போதல் எளிதாயிற்று என்பதன்றி வேறில்லை. வெள்ளி மாலையிற் பிள்ளை வீடு வந்து, தன் படுக்கையில் உறங்கி, ஞாயிறு மாலை மீளலாம் என்பதும் அப்பாலத்தால் இயல்வதே. மிசனரிமார் அஞ்சிய வீடு இன்று பேருந்துத் தூரத்தில் இருக்கின்றது. அதனை விடுதி தன் பகையாகக் கொள்கின்றதா, துணையாகக் கொள்கின்றதா என்பதைப் பொறுத்தே நான் அதனை மதிப்பிடுவேன். கட்டடத்தின் உயரத்தையும் பெறுபேற்று வீதத்தையும் பின்னரே பார்ப்பேன்.

என்னிடம் வந்த அத்தாய்க்கு நான் 'அனுப்புங்கோ' என்றும் கூறவில்லை, 'வேண்டாம்' என்றும் கூறவில்லை. இக்காலத்தில் ஞாயிற்றுக் கடிதம் இல்லை; மேற்பார்வையாளரின் கைப்பேசியிற் சில நிமிடம் பேசக் கொடுப்பர். ஆதலின் இரண்டு செய்திகளை விசாரித்து வருமாறு கூறி அனுப்பினேன். பிள்ளை பேசும்போது பக்கத்தில் யாரும் நில்லாமல் விடுவார்களா என்பது ஒன்று. இரண்டு கிழமைக்கு ஒருமுறையேனும் வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது மற்றையது. அவள் யாழ்ப்பாணம் போய் விசாரித்து, மறுநாட் பள்ளி விடும் வேளையில் வாயிலில் நின்றாள்.

"இரண்டாவதுக்கு ஓமாம் சேர். முதலாவதுக்கு யோசிச்சுச் சொல்லுறாங்களாம்."

பிள்ளை அவள் பின்னே நின்று, வாயிற் கதவின் கம்பியை விரலால் எண்ணிக்கொண்டிருந்தான்.